சித்தி: தாய்க்கு அடுத்த இடத்தின் பெயர்

பொங்கலோ ஆயுத பூசையோ வார இறுதியை ஒட்டி வந்தால் நான்கு நாள் தொடர் விடுமுறை கிடைக்கிறது. பெற்றோருக்கு வெளியூரில் ஒரு கல்யாணம் இருக்கும், அல்லது ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணை இருக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் மாற்று உடைப் பையோடு அம்மாவின் தங்கை வீட்டில் வந்து இறங்குவார்கள். அந்த நான்கு நாளும் அவர்களை எழுப்பி, பல் துலக்க வைத்து, குளிப்பாட்டி, சோறு போட்டு, சண்டையை விலக்கி, இருமலுக்கு வெந்நீர் கொடுத்து, கதை சொல்லித் தூங்க வைப்பவளை அவர்கள் ‘சித்தி’ என்கிறார்கள். அவள் செய்யும் வேலைக்கென்று தமிழில் ஒரு தொழிற்பெயர் கிடையாது. ‘பார்த்துக்கொள்கிறாள்’ என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த வேலைக்குரிய பெயரைத் தமிழ் வெகு காலத்துக்கு முன்பே வைத்துவிட்டது, அது அவளுடைய உறவுப் பெயருக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ‘சித்தி’ ரத்தத் தொடர்பை மட்டும் சொல்லும் சொல்லாக இருந்திருந்தால் அதற்கு இத்தனை பொருள்கள் வந்திருக்க மாட்டா. குழந்தையின் அருகில் தாய்க்கு அடுத்ததாக உள்ள ஒரு பொறுப்பிடத்தின் பெயர் அது. அந்த இடத்துக்கு யார் வந்தாலும் அந்தப் பெயர் அவர்களைச் சேர்ந்தது.

முதலில் சொல்லின் உருவத்தைப் பார்க்கலாம். சித்தப்பன் என்பது சிற்றப்பன், அதாவது சிறு அப்பன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எழுத்தில் றகரம் இரட்டித்து வரும் இடத்தைப் பேச்சு தகரமாக்கிக்கொள்ளும். காற்று காத்தாகிறது, நேற்று நேத்தாகிறது, வெற்றிலை வெத்தலையாகிறது. குற்றாலத்து மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றை அந்தப் பக்கத்து மக்கள் சித்தாறு என்கிறார்கள். கட்டட வேலையில் கொத்தனாருக்குச் செங்கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கும் சித்தாளும் சிற்றாள்தான். பாலக்காட்டுப் பக்கத்துச் சிற்றூரை மலையாளிகள் இன்றும் றகரத்தோடு சொல்கிறார்கள். ஆந்திரத்துச் சித்தூரில் அது தகரமாகிவிட்டது. இந்த வரிசையில் வைத்தால் சித்தியின் முற்பாதி ‘சிற்று’ என்பது தெளிவு. பிற்பாதி தேய்ந்துபோய்ப் பெண்பால் காட்டும் இகரம் மட்டும் நிற்கிறது. தேயாத வடிவங்கள் பழைய நூல்களில் உண்டு: சிற்றவை, சிற்றன்னை, சிற்றாய். அவ்வை, அன்னை, ஆய் மூன்றுமே தாயைக் குறிப்பவை. மலையாளம் இன்றும் ‘சிற்றம்ம’ என்கிறது, அன்பாகச் சுருக்கும்போது ‘சிற்ற’ என்று நிறுத்திக்கொள்கிறது. அங்கும் பிற்பாதிதான் உதிர்ந்தது.

‘சித்தி’ வடமொழியிலிருந்து வந்தது என்று சிலர் நினைப்பதுண்டு. சித்தி விநாயகர், காரிய சித்தி, மகான் சித்தியடைந்தார் என்றெல்லாம் வரும் சித்தி வேறு. அது கைகூடுதலைக் குறிக்கும் வடசொல், தமிழ் ஒலிக்கு ஏற்ப உருமாறி நம் எழுத்தில் இப்படி நிற்கிறது. இரண்டும் இன்று ஒரே உருவத்தில் வருவது தற்செயல். உறவுச் சொல்லுக்கு மட்டும் சிற்றவை, சிற்றன்னை போன்ற முன்னோர்களும், மலையாளச் சிற்றம்மையைப் போன்ற உடன்பிறப்பும் இருப்பதே வேற்றுமைக்குப் போதிய சான்று. அண்டை மொழிகளும் இதே வழியில்தான் சென்றிருக்கின்றன. தெலுங்கில் பின்னி, பின்னம்ம, கன்னடத்தில் சிக்கம்ம. எல்லாவற்றிலும் முதல் உறுப்பின் பொருள் சிறுமை, அதாவது வயதிலோ வரிசையிலோ இளமை. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குத் தங்கைகள் பலர் இருந்தால் சின்னம்மா, ஆசையம்மா, குஞ்சம்மா என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் சாச்சி என்ற சொல் உண்டு. அது வேறு வழியாக வந்தது, ஆனாலும் சின்னம்மாவும் அதன் பக்கத்திலேயே வழங்குகிறது.

இனி, பொருள். தமிழ் வழக்கில் ‘சித்தி’ மூன்று பெண்களைக் குறிக்கும். தாயின் தங்கை ஒருத்தி. தந்தையின் தம்பி மனைவி ஒருத்தி. தந்தை மறுமணம் செய்துகொண்டால் வந்து சேரும் பெண் ஒருத்தி. முதலாமவள் ரத்த உறவு. இரண்டாமவளுக்கும் மூன்றாமவளுக்கும் குழந்தையோடு ரத்தத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஒரு சொல் வெறும் பிறப்புத் தொடர்பை மட்டும் பதிவு செய்வதாக இருந்தால் இம்மூவரையும் ஒரே பெயரில் கட்டியிருக்க முடியாது. மூவருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே: தாய்க்கு வரிசையில் அடுத்து நிற்பது. பெரியம்மாவை இதனோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் உறுதிப்படும். இரண்டு மனைவியர் இருந்த வீடுகளில் மூத்தவளின் பிள்ளைகள் இளையவளைச் சித்தி என்பார்கள். இளையவளின் பிள்ளைகள் மூத்தவளைப் பெரியம்மா என்பார்கள். ‘பெரிய’, ‘சிறிய’ என்பவை அங்கே தாய்மையின் வரிசை எண்கள். அரசியலிலும் இந்த உணர்வு வேலை செய்ததைத் தமிழகம் பார்த்தது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபின், ‘அம்மா’ என்று வழங்கப்பட்ட தலைவிக்கு அடுத்து வரவேண்டியவர் என்று சொல்ல விரும்பிய கட்சிக்காரர்கள் வி.கே. சசிகலாவைச் ‘சின்னம்மா’ என்று உரக்க அழைத்தார்கள். அந்த உரிமைக் கோரிக்கையை ஏற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் அந்த அழைப்பின் பொருள் என்ன என்பதில் இரு தரப்பாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

அம்மாவின் தங்கையும் அப்பாவின் மறுமனைவியும் ஒரே சொல்லில் சேர்ந்ததற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்லப்படும். பிரசவத்தில் தாய்மார் இறப்பது சகஜமாக இருந்த காலத்தில், கைக்குழந்தையை விட்டுச் சென்றவளின் தங்கையையே அந்தக் கணவனுக்குக் கட்டிவைப்பது பல சமூகங்களில் நடைமுறையாக இருந்தது. அந்நியப் பெண் வந்தால் பிள்ளைகளை எப்படி நடத்துவாளோ என்ற அச்சமே அதற்குக் காரணம். அப்படிச் சித்தியே சித்தியானாள், இரண்டு பொருளும் ஒன்றாயின என்பது விளக்கம். இதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் திருவல்லிக்கேணியைப் பாடும்போது, இராமனை முடி துறக்கச் செய்த கைகேயியைச் ‘சிற்றவை’ என்கிறார். கைகேயி கோசலையின் தங்கை இல்லை. கோசலை இறந்தபின் வந்தவளும் இல்லை. கோசலை உயிரோடிருக்க, தசரதனின் இளைய தேவியாக இருந்தவள். ஆகவே ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இந்தச் சொல் தாயின் தங்கை என்ற ரத்த உறவைத் தாண்டி நின்றது. தங்கையை மறுமணம் செய்யும் வழக்கம் இந்த விரிந்த பொருளை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே விரிந்திருந்த பொருளுக்கு அது பொருந்தி வந்தது, அவ்வளவே.

‘தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன்’ என்ற பழமொழியை இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். மறுமனைவி கொடியவள் என்பதற்கு ஆதாரமாகவே பெரும்பாலோர் அதைச் சொல்கிறார்கள். சொற்களைக் கவனித்தால் பழமொழி அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது தகப்பனைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக்குள் சித்தி ஒருத்தி வந்துவிட்டால் சித்தியின் கணவன் சித்தப்பன்தானே என்ற உறவுக் கணக்கின் மேல் அந்தப் பழமொழி கட்டப்பட்டிருக்கிறது. அதன் குற்றச்சாட்டு, அப்பன் தன் இடத்திலிருந்து ஒரு படி இறங்கிவிட்டான் என்பது. வந்தவள் தனக்குரிய இடத்துக்கு வந்தாள். இருந்தவன் தன் இடத்தை விட்டான். தமிழ்ப் பெண்களும் முதியவர்களும் வழிவழியாகச் சொல்லிவந்த இந்த நுட்பத்தைப் பிற்காலம் தொலைத்துவிட்டு, பழி முழுவதையும் அந்தப் பெண்ணின் தலையில் வைத்தது நியாயமில்லை.

சொல்லுக்கே கொடுமைப் பொருள் ஏறிவிட்டதே, ‘சித்தி கொடுமை’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே என்று கேட்கலாம். எழுதுகின்றன. ஆனால் பகைமையைச் சுமப்பதற்கென்று தமிழ் வேறொரு சொல்லை வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற்றாந்தாய் என்பது மாற்றாளை, அதாவது சக்களத்தியை நினைவூட்டும் சொல். தாயின் போட்டியாளராக ஒருத்தியை நிறுத்தும் பெயர் அது. மத்திய அரசு நிதி தரவில்லை என்றால் ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்று அறிக்கை விடுகிறோம். யாரும் ‘சித்தி மனப்பான்மை’ என்று சொல்வதில்லை. மலையாளத்தில் நிலைமை வேறு. அங்கே அதே அரசியல் குற்றச்சாட்டுக்குச் ‘சிற்றம்ம நயம்’ என்பதே வழக்கு. அங்கே வசைக்குள் இழுக்கப்பட்ட சொல்லைத் தமிழ் காப்பாற்றி வைத்திருக்கிறது. 1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் பத்மினியை வைத்து எடுத்த ‘சித்தி’ படமும், 1999இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கி ராதிகா நடித்த ‘சித்தி’ தொடரும் மறுமனைவியாக வந்த பெண்ணைத்தான் பேசின. இரண்டிலும் அவள் பொறுப்பைச் சுமந்து நிற்பவள். மாற்றாந்தாய் என்று தலைப்பு வைத்திருந்தால் மக்கள் வேறு கதையை எதிர்பார்த்திருப்பார்கள்.

சித்தியைத் தாய் என்பது வெறும் பாசப் பேச்சு, எல்லா மூத்த பெண்களையும் ‘அம்மா’ என்கிறோமே, அதைப்போல என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு விடை உறவு முறையில் இருக்கிறது. அம்மாவின் தங்கைக்கு நாம் மகன், மகள். அப்பாவின் தங்கைக்கு நாம் மருமகன், மருமகள். அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அறிமுகம் செய்யும்போது ‘அக்கா மகன்’ என்றுதான் சொல்வாள்; அண்ணன் பிள்ளையை அத்தை ‘மருமகன்’ என்பாள். விளைவுகளும் அதற்கேற்ப. சித்தி மகள் தங்கை, அவளை மணக்க நினைப்பதே பாவம். அத்தை மகள் முறைப்பெண், அவளைக் கேட்டுப் போவது பல சமூகங்களில் உரிமை. பாசப் பேச்சால் கல்யாணத் தடை உண்டாகாது. பெற்றோரோடு ஒரே பாலான உடன்பிறப்பைப் பெற்றோரோடு சேர்த்தே எண்ணுவதும், எதிர்ப்பாலான உடன்பிறப்பைச் சம்பந்தி வரிசையில் வைப்பதும் திராவிட உறவு முறையின் அடிப்படை. மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் ஆற்காட்டு மிஷனில் இருந்த ஸ்கடர் குடும்பத்தார் வழியாகத் தமிழ் உறவுப் பெயர்களைப் பெற்று, வட அமெரிக்கப் பழங்குடியினரின் முறையோடு ஒப்பிட்டு 1871இல் பெருநூலாக வெளியிட்டார். தாயின் சகோதரியும் தாயே என்ற கணக்கு அவரை வியக்க வைத்தவற்றுள் ஒன்று. பின்னர் 1981இல் தாமஸ் டிரவுட்மன் திராவிட உறவு முறையைப் பற்றி எழுதிய நூல் அதன் தர்க்கத்தை விரிவாக நிறுவியது. தமிழர் வீட்டுக் குழந்தைக்கு நான்கு வயதிலேயே தெரிந்த விஷயம் மானிடவியலுக்கு ஒரு திறவுகோலாயிற்று.

சடங்குகளையும் கவனிக்கலாம். காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன். பெண் பெரியவளானால் மாமன் சீர் வரும். கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சு உண்டு. அத்தைக்கும் மாமனுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு இடமும் ஒரு மரியாதையும் இருக்கின்றன. சித்திக்கென்று தனியாக ஒரு சீர் பெரும்பாலான சமூகங்களில் இல்லை. அவளை மறந்துவிட்டார்கள் என்று இதைப் படிக்க வேண்டியதில்லை. சீர் என்பது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது. சித்தி இன்னொரு வீட்டுக்காரியாக எண்ணப்படவில்லை; தாயின் பக்கத்திலேயே, தாயாகவே எண்ணப்பட்டாள். தாய்க்கு யார் சீர் செய்வார்கள்? மாமனின் கடமை நாள் குறித்து வருவது, ஊர் பார்க்க நடப்பது. சித்தியின் கடமைக்கு நாளும் இல்லை, பார்வையாளரும் இல்லை.

தாய் என்ற பெயரைப் பிறப்பிலிருந்து பிரித்து உழைப்போடு கட்டும் பழக்கம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் களவியலில், தாய் என்று சொல்லப்படுபவள் செவிலியே என்று ஒரு நூற்பா வெளிப்படையாகவே கூறுகிறது. பெண்ணின் அந்தரங்கம் அறிந்தவள் அவள் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பெற்றவளுக்கு நற்றாய் என்று அடைகொடுத்துப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது. வளர்த்தவளோ அகப்பாடல்களில் வெறுமே ‘அன்னை’ என்றும் வருகிறாள். ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதி செவிலி கூற்றுப் பத்தோடு தொடங்குகிறது. மணமாகிப் போன பெண்ணின் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே கணவனும் மனைவியும் நடுவில் சிறுமகனுமாக இருக்கும் நிறைவைப் பெற்றவளிடம் சொல்கிறவள் செவிலிதான். வளர்த்த பொறுப்பு மணத்தோடு முடியவில்லை, அடுத்த தலைமுறையையும் போய்ப் பார்த்து வருகிறது.

நிகண்டு மரபு செவிலித் தாயரை ஐந்து வகையாகப் பிரித்தது. நீராட்டுபவள் ஒருத்தி, சோறூட்டுபவள் ஒருத்தி, ஓலுறுத்துபவள், அதாவது தாலாட்டித் தூங்க வைப்பவள் ஒருத்தி, நொடி பயிற்றுபவள் ஒருத்தி, கையில் ஏந்தித் திரியும் கைத்தாய் ஒருத்தி. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது நொடி பயிற்றுபவள். குழந்தைக்குப் பேச்சையும் விடுகதையையும் சொல்லிக்கொடுப்பதை ஊட்டுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் சமமான வேலையாக, தனி ஆள் தேவைப்படும் வேலையாக எண்ணிய ஒரு சமூகம் குழந்தை வளர்ப்பைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து பேர். இப்பட்டியலைத் தொடர் விடுமுறையில் அக்கா பிள்ளைகளை வைத்திருக்கும் பெண்ணின் ஒரு நாளோடு வைத்துப் பாருங்கள். ஐந்து பேருக்கு வகுத்த வேலை ஒருத்தியிடம் வந்திருக்கிறது. அதுவும் ஒரு குழந்தை என்றால் பரவாயில்லை. இரண்டு பையன்கள் என்றால் ஆறாவதாக, அவர்களைப் பிரித்து உட்கார வைக்கும் வேலையும் சேரும். செவிலி அரச குடும்பத்து, செல்வர் குடும்பத்து ஏற்பாடு, சித்தியோ எல்லார் வீட்டிலும் உள்ளவள், இரண்டையும் ஒப்பிடலாமா என்றால், ஒப்பிடத்தான் வேண்டும். கூலிக்கோ ஆதரவுக்கோ ஆள் வைக்க முடிந்த வீடுகள் செவிலியை வைத்தன. முடியாத வீடுகளில் அந்த இடத்தை இளைய தாய் நிரப்பினாள். இரண்டிலும் மொழி அந்தப் பெண்ணுக்குத் தாய்ப்பெயரையே கொடுத்தது.

பிற்காலத்தில் வந்த சொற்களும் இந்த வழக்கத்திலிருந்து தப்பவில்லை. ஐரோப்பியர் வீடுகளில் குழந்தை பார்க்க அமர்த்தப்பட்ட பெண்ணைக் குறித்த ‘ஆயா’, ‘அயா’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. தமிழகத்தின் வட மாவட்டங்களில் பாட்டியை ஆயா என்பது நம்முடைய சொந்த வழக்கு, பழைய ‘ஆய்’ என்ற தாய்ச் சொல்லின் வழி வந்தது. கடல் கடந்து வந்த சொல்லும் மண்ணின் சொல்லும் ஒலியில் ஒன்றாகிப்போக, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரை ‘ஆயாம்மா’ என்று அழைத்தார்கள். சம்பளத்துக்கு வந்தவரின் பெயரிலும் அம்மா ஒட்டிக்கொண்டாள். இதற்கு ஒரே விலக்காக நிற்பது ‘செவிலியர்’ என்ற சொல்லின் இன்றைய நிலை. மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்க அதை எடுத்துக்கொண்டபோது ‘தாய்’ கழன்றது, அது ஒரு தொழிலின் பெயராயிற்று. தொழிலானதால் படிப்பும் ஊதியமும் சங்கமும் வந்தன. அது நல்ல மாற்றம்.

இங்கேதான் மிக வலுவான எதிர்ப்பு வருகிறது. தாய் என்று பெயர் வைப்பதே பெண்ணின் உழைப்பைக் கணக்கில் காட்டாமல் மறைக்கும் வழி, செவிலிக்குத் தொழிற்பெயர் ஆனபின்தான் மதிப்பு வந்தது, சித்தியைத் ‘தாய்க்குச் சமம்’ என்று போற்றுவது அவளிடம் இலவசமாக வேலை வாங்கத்தான் என்பார்கள். இந்த எதிர்ப்பில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கல்லூரியில் படிக்கும் தங்கையின் விடுமுறையையும், வேலைக்குப் போகும் தங்கையின் ஓய்வு நாள்களையும் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும் உரிமை குடும்பங்களுக்கு இருப்பதாக நினைப்பது இந்தப் பெயரின் நிழலில்தான். சித்தப்பனைப் பார்த்து யாரும் அப்படி எதிர்பார்ப்பதில்லை. அவன் பெயரிலும் அப்பன் இருக்கிறானே என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பெயரை எறிந்துவிட்டு ‘ஆன்ட்டி’ என்று அழைப்பதால் இந்த அநியாயம் தீராது. அடுத்த வீட்டுப் பெண், டியூஷன் ஆசிரியை, அம்மாவின் தோழி எல்லாரையும் குறிக்கும் அந்தச் சொல்லில் கடமையும் இல்லை, உரிமையும் இல்லை. சித்தி என்ற சொல்லில் கடமையோடு உரிமையும் இருந்தது. பிள்ளையைக் கண்டிக்கலாம், அடம் பிடித்தால் அசையாமல் இருக்கலாம், என்ன சாப்பிட வேண்டும் எப்போது தூங்க வேண்டும் என்று முடிவு செய்யலாம், அக்காவிடமே ‘பிள்ளையை இப்படி வளர்க்காதே’ என்று சொல்லலாம். இன்று நடப்பது என்னவென்றால், கடமையை முழுதாக அவளிடம் விட்டு, உரிமையைக் கைப்பேசி வழியாகப் பெற்றோர் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். மணிக்கொரு தரம் வரும் அறிவுரைகளுக்கு நடுவே அவள் தாயும் இல்லை, தொழிலாளியும் இல்லை. பெயரைக் குறை சொல்வதற்கு முன், பெயரில் பாதியை நாம் பறித்துக்கொண்டதைப் பேச வேண்டும்.

சட்டமும் இந்தச் சொல்லைத் தன் போக்கில் உடைத்திருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்த ஆணின் இரண்டாம் வகுப்பு வாரிசுப் பட்டியல் ஒன்பது படிகள் கொண்டது. தந்தையின் விதவை, அதாவது மறுமணத்தில் வந்த சித்தி, ஆறாம் படியில் வருகிறாள். தந்தையின் சகோதரி ஏழாம் படி. தாயின் சகோதரி தாய்மாமனோடு சேர்ந்து ஒன்பதாம் படியில், எல்லாருக்கும் கடைசியாக நிற்கிறாள். தமிழ் ஒரே பெயரால் அழைக்கும் இரண்டு சித்திகளைச் சட்டம் மூன்று படி தள்ளி வைக்கிறது. தமிழ் உறவு முறையில் தாயாக உள்ளவள், சட்டத்தின் கண்ணில் அத்தையையும் விடத் தொலைவு. அதே ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், பிள்ளை இல்லாத மாற்றாந்தாயையும் பராமரிக்க வேண்டிய பெற்றோர் என்ற சொல்லுக்குள் சேர்த்தது. வளர்த்தவளை முதுமையில் கைவிடக்கூடாது என்ற எண்ணம் அங்கே தெரிகிறது, ஆனால் அது திருமணத்தின் வழி வந்த சித்தியோடு நின்றுவிட்டது. அக்கா இறந்தபின் திருமணமே செய்துகொள்ளாமல் அக்கா பிள்ளைகளை ஆளாக்கிய பெண்கள் தமிழ் ஊர்களில் எத்தனையோ பேர். அந்த விதியில் அவர்களுக்கு இடம் இல்லை. மொழி கொடுத்த இடத்தைச் சட்டம் கொடுக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. திருத்த முடியாதது ஒன்றும் இல்லை.

இந்தச் சொல்லுக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து வசையிலோ ஆங்கிலத்திலோ இல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. ஒரே பெண் குழந்தையோடு நிறுத்திக்கொண்ட வீட்டில், அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு அம்மா வழிச் சித்தி பிறப்பிலேயே இல்லை. அப்பாவும் ஒற்றைப் பிள்ளை என்றால் அந்த வழிச் சித்தியும் இல்லை. ஆசையம்மா, குஞ்சம்மா என்று அடுக்கிய காலம் போய், அடுக்குவதற்கு ஆளில்லாத காலம் வந்திருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரை காட்ட முயன்றது சரியென்றால், இது சொல்லின் முடிவாக இருக்க வேண்டியதில்லை. ரத்தம் இல்லாமலேயே கைகேயியைச் சிற்றவை என்ற மொழி இது. தம்பி மனைவியாக வந்தவளையும் மறுமணத்தில் வந்தவளையும் அந்த இடத்தில் ஏற்ற மொழி இது. தாயின் உற்ற தோழி பிள்ளைகளை நாள்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் என்றால் அவளைச் சித்தி என்று அழைக்கச் சொல்லின் வரலாற்றில் ஒரு தடையும் இல்லை. சில வீடுகளில் ஏற்கெனவே அப்படித்தான் அழைக்கிறார்கள். அது சரியான தமிழ்.

அடுத்த தொடர் விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விடப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவளுக்கு அந்த நாள்கள் தோதாக இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். உடைப் பையையும் மருந்தையும் கொடுக்கும்போது, முடிவெடுக்கும் உரிமையையும் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லிக் கொடுங்கள்: ‘சித்தி சொல்வதுதான்.’ பிறகு ஊர் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல ஒரு தரம் அழைத்தால் போதும்.